நாலு சக்கரமும் இழுத்த வண்டி

கல்யாணமான மறு மாதமே என் கணவர் பஸ்ராவுக்குக் கப்பலேறிவிட்டார். பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. மோட்டார் ஓட்டத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று பட்டணத்தில் ஆள் எடுத்தார்கள். அவர் தறியில் உட்காரப் பிடிக்காமல் சின்ன வயதிலேயே பட்டணத்துக்கு ஓடிப்போய், ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் கார் துடைத்து, அப்படியே ஓட்டவும் பழகியவர். கால்கட்டுப் போட்டால் ஊரில் தங்குவார் என்று நம்பித்தான் என்னை அவருக்குக் கட்டி வைத்தார்கள். கட்டு நிற்கவில்லை. அவர் முகம் எனக்குப் பழகுவதற்குள் போய்விட்டார்.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் மாமியார் வீட்டில் இருந்தேன். என் பிறந்த வீடு பட்டு நூலுக்குச் சாயம் தோய்க்கிற வீடு. வாழ்க்கைப்பட்டது நெய்கிற வீடு. அதனால் வேலை எனக்குப் புதிதில்லை. மாமனாரும் மைத்துனரும் நெய்வார்கள். நானும் மாமியாரும் ராட்டையில் நூல் சுற்றிக் கொடுப்போம். பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்திருந்ததால் அவரிடமிருந்து வரும் கார்டை நானே வாங்கிப் படித்துவிடுவேன். படிக்க அதிகம் இருக்காது. சௌக்கியம், கவலைப்பட வேண்டாம் என்று எழுதியிருக்கும். எனக்கென்று தனியாக ஒரு வரியும் இருக்காது. இருந்திருந்தாலும் அதை மாமியாருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்க முடியாது.

சண்டை முடிந்து வெகு நாள் கழித்து ஒரு மத்தியானம் அவர் வந்தார். தெருமுனையில் தகரப் பெட்டியோடு நின்றவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மாமியார் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்துத்தான் இவர்தான் என் புருஷன் என்று தெரிந்துகொண்டேன். உடம்பு வற்றிப்போயிருந்தது. கண் மஞ்சளித்திருந்தது. அடிக்கடி குளிர்காய்ச்சல் வந்து நடுக்கும். அதையெல்லாம் கஷாயம் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது அவருடைய மௌனம்தான். கேட்டதற்கு ஒரு சொல், கேட்காததற்கு அதுவும் இல்லை. அந்த ஊரில் என்ன பார்த்தீர்கள் என்று மாமனார் கேட்டார். மணல் என்றார். அவ்வளவுதான்.

மாகறலுக்குத் தெற்கே ஒரு சின்ன ஜமீன் இருந்தது. அந்த ஜமீன்தார் அப்போதுதான் கார் வாங்கியிருந்தார். ஓட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தவர், சண்டையிலிருந்து வந்த டிரைவர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஆள் அனுப்பினார். ஜமீன்தாருக்குப் பெரிய காஞ்சிபுரத்திலும் ஒரு வீடு உண்டு. கோர்ட்டு வேலையாக வாரத்தில் பாதி நாள் இங்கேதான் தங்குவார். இவருக்கும் அது சௌகரியமாக இருந்தது. போகும்போது நடந்து போவார், வரும்போது நடந்து வருவார். வீட்டுக்குள் வந்ததும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார்.

கார்த்திகை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் நானும் மாமியாரும் மாகறல் கோயிலுக்கு மாட்டுவண்டியில் போனோம். இவருடைய உடம்புக்காக வேண்டிக்கொண்டு போன பயணம். பாலாற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது, மற்றதெல்லாம் மணல். எங்கள் வண்டி மணலில் இறங்கியதும், எதிரே நடு ஆற்றில் ஜமீன்தார் கார் நிற்பதைப் பார்த்தேன். நின்றிருந்தது என்று சொல்ல முடியாது. பின் சக்கரம் இரண்டும் அலறிக்கொண்டு சுழன்றன. சுழலச் சுழல வண்டி மணலுக்குள் இறங்கியது. இவர் இறங்கிவந்து மணலில் மண்டியிட்டு, சக்கரத்துக்கு அடியில் தென்னங்கீற்றைத் திணித்துக்கொண்டிருந்தார். ஜமீன்தார் குடை பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார். நாங்கள் அவர்களைத் தாண்டிப் போனோம். இவர் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. எங்கள் மாடுகள் அசை போட்டபடியே கரையேறின.

மறுநாள் அவர் வீட்டுக்கு வந்தபோது சோறு போட்டுவிட்டு, என்ன தைரியமோ, நான் கேட்டேன்.

"பின்னாடி சக்கரம் அப்படிச் சுத்திக்கினு இருந்துதே. முன்னாடி சக்கரம் ரெண்டும் ஏன் சும்மா நின்னுக்கினு இருந்துது?"

அவர் கையில் எடுத்த சோற்றை வாயில் போடாமல் என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் நான் ஒருத்தி இருக்கிறேன் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது போல இருந்தது.

"இன்ஜின் பலமெல்லாம் பின்னாடி ரெண்டுக்குத்தான் போவுது. முன்னாடி ரெண்டும் தானா உருளும், திரும்பறதுக்குத்தான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா ஒரு வண்டி இருக்குது. அதுல நாலும் இழுக்கும்" என்றார்.

அன்றைக்கு அவர் சோறு ஆறிப்போகும்வரை பேசினார். கப்பலேறிப் போய்வந்த இத்தனை வருடங்களில் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசியது போல இருந்தது எனக்கு. மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாகறல் சாமி அத்தனை சீக்கிரம் கண் திறந்துவிட்டது என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

அந்த வண்டியை அவர் பார்த்ததில்லை. மெசபொடேமியாவில், டைகிரிஸ் ஆற்றங்கரையில், லாரி பழுது பார்க்கும் கொட்டகை ஒன்று இருந்ததாம். மழை பெய்தால் அந்த ஊர் மண் பசை மாதிரி ஆகிவிடும். லாரிகள் வரிசையாகப் புதைந்து கிடக்கும். அந்தக் கொட்டகைக்குப் பொறுப்பான வெள்ளைக்காரச் சார்ஜண்ட் ஒருவர், புதைந்த லாரி ஒவ்வொன்றையும் பார்க்கும்போது, இந்நேரம் அந்த வண்டி இருந்திருந்தால் என்று ஆரம்பிப்பாராம். சார்ஜண்ட் இளவயதில், இங்கிலாந்தில் தன் ஊரில், மழை பெய்து சேறான ஒரு மேட்டில் அந்தப் பந்தய வண்டி ஏறியதைக் கூட்டத்தோடு நின்று பார்த்தவர். பத்திரிகையில் வந்த படம் ஒன்றைப் பெட்டியில் வைத்திருந்தார். ஒருமுறை இவரிடம் காட்டியிருக்கிறார். இவர் மனதில் அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளுக்காக நான் காத்திருக்க ஆரம்பித்தேன். ஜமீன்தார் மத்தியானம் தூங்குவார், இவர் வீட்டுக்கு வருவார். நான் ராட்டை சுற்றிக்கொண்டிருப்பேன். அவராக எதையும் ஆரம்பிக்க மாட்டார். கேள்வி கேட்டால்தான் பேச்சு வரும். அதனால் வாரம் முழுவதும் கேள்விகளைச் சேர்த்து வைப்பேன். தண்ணீர் எடுக்கும்போது ஒன்று தோன்றும். நூல் அறுந்து முடிச்சுப் போடும்போது ஒன்று தோன்றும். மறந்துவிடாமல் சனிக்கிழமைவரை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வேன்.

இப்படித்தான் அந்த வண்டியின் கதை எனக்குத் துண்டு துண்டாகக் கிடைத்தது. ஒல்லாந்து தேசத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர் இருந்தார்கள். சாரட்டு செய்வது அவர்கள் தொழில். அந்த ஊர் மகாராணிக்குத் தங்கத் தகடு போர்த்திய சாரட்டு செய்து கொடுத்து ஊரெல்லாம் பேர் வாங்கியவர்கள். பிறகு குதிரையை விட்டுவிட்டு மோட்டாருக்கு வந்தார்கள். பாரிஸிலிருந்து ஸ்பெயின் தேசத்துத் தலைநகரம்வரை ஒரு பெரிய பந்தயம் வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதில் ஓட ஒரு வண்டி செய்யத் துணிந்தார்கள். பக்கத்துத் தேசத்திலிருந்து வந்த இளவயசு இன்ஜினீயர் ஒருவர் திட்டம் போட்டுக் கொடுத்தார். அறுபது குதிரை பலம். ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர். அப்போது யாரும் அப்படிச் செய்ததில்லை. இன்ஜினின் பலம் முன்னாலும் போகும், பின்னாலும் போகும்.

முன் சக்கரம் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்றால் எப்படி முடியும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். அவர் வாயால் சொல்லிப் பார்த்தார். எனக்குப் புரியவில்லை. உடனே எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்தார். ஒரு கையின் விரல்களை மறு கையின் விரல்களுக்குள் கோத்து, ஒரு மணிக்கட்டை முறுக்கினார். மறு மணிக்கட்டும் சேர்ந்து திரும்பியது. கோணலாக மடக்கி வைத்து முறுக்கினார், அப்போதும் திரும்பியது. "இதுதான். இந்த மூட்டுதான் எல்லாம்" என்றார். பகல் வெளிச்சத்தில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. மூட்டு எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று இன்னொரு முறை சொன்னேன்.

சாயக்காரர் வீட்டுப் பெண் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அதையும் கேட்டேன். அந்த வண்டி என்ன நிறம்? அவருக்குத் தெரியவில்லை. படம் கறுப்பு வெள்ளையில் இருந்தது. சார்ஜண்டைக் கேட்கத் தோன்றவில்லை. இது தெரியாமல் போனதில் அவருக்கே ஒரு வருத்தம் வந்துவிட்டது. நான் அதைக் கிளிப்பச்சை என்று வைத்துக்கொண்டேன். ஓரத்தில் அரக்குச் சிவப்பு. ஒல்லாந்துக்காரர்கள் அப்படிப் பூசியிருக்க மாட்டார்கள் என்று அவர் சிரித்தார்.

மாமியார் இதையெல்லாம் பார்த்துவிட்டு, உனக்குச் சீமையில் ஒரு சக்களத்தி இருக்கிறாள் என்று கேலி செய்வாள். குளத்துக்கு அடியில் கிடக்கும் பெருமாளையாவது நாற்பது வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுக்கிறார்கள், உங்கள் வண்டியை யார் வெளியே எடுத்துக் காட்டப்போகிறார்கள் என்பாள். எனக்குக் கோபம் வந்ததில்லை. அந்தச் சக்களத்தியால்தான் எனக்குப் புருஷன் கிடைத்தார். அவளைப் பற்றிப் பேசும்போதுதான் அவர் முகத்தில் ரத்தம் ஓடியது. நானும் அவளை நேசிக்க ஆரம்பித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்படி இரண்டு மூன்று வருடம் போயிருக்கும். ஜமீன்தாருக்கும் பங்காளிக்கும் நடந்த நில வழக்கு பட்டணத்துக் கோர்ட்டில் தோற்று, லண்டனுக்கு அப்பீல் போனது. கூட இருந்து பார்த்தால்தான் நடக்கும் என்று யாரோ சொல்லிவிட, ஜமீன்தாரே லண்டனுக்குக் கிளம்பினார். சமையல்காரர் ஒருவரையும் இவரையும் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அங்கே கார் வாடகைக்கு எடுத்தால் ஓட்ட நம்பிக்கையான ஆள் வேண்டும், ஆங்கிலமும் இவருக்குக் கொஞ்சம் வரும்.

நான் அப்போது முழுகாமல் இருந்தேன். அதுவும் முதல் பிள்ளை. இவர் வீட்டில் வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டு, போகப்போவதில்லை என்றார். மாமியாருக்கு ஆறுதலாக இருந்தது. ஒருமுறை கடல் தாண்டிப் போனவன் திரும்பி வந்ததே பெரிது, மறுபடியும் எதற்கு என்றாள். அவர் தலையாட்டினார். அதன் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தன. நான் கேள்வி கேட்டேன். அவர் ஒரு சொல்லில் பதில் சொன்னார். பழையபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். எனக்குப் பயமாகிவிட்டது.

புழக்கடையில் அவர் கால் கழுவிக்கொண்டு நின்றபோது போய்ச் சொன்னேன்.

"போய் அந்த வண்டியப் பாத்துட்டு வாங்க. பாக்காம இங்கியே இருந்தீங்கன்னா, இருக்கறது நீங்களா இருக்க மாட்டீங்க."

"நீ இந்த நிலைமையில இருக்கற."

"எனக்கு எங்கம்மா இருக்குது, உங்கம்மா இருக்குது. நிறம் இன்னான்னு மட்டும் கேட்டுக்கினு வாங்க."

அவர் சொம்பைக் கீழே வைத்தார். பிறகு ஜமீன்தார் வீட்டுக்குப் போய், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அவரைப் பட்டணத்துக்கு ரயிலேற்றிவிட்டு வந்த நாளிலிருந்து எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே பிடிக்காமல் போனது. மற்ற நாளில் வேலை இருக்கும், பொழுது போகும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் ராட்டை தனக்குத்தானே பேசுவது போல இருக்கும். கேள்விகள் வழக்கம்போலச் சேர்ந்தன; கேட்க ஆள் இல்லை. ஒருநாள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு என் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய், டீச்சரம்மாவிடம் பூகோளப் படத்தைக் காட்டச் சொன்னேன். இங்கிலாந்துக்குப் பக்கத்திலேயே, கடலுக்கு அந்தப் பக்கம், நகக்கண் அளவுக்கு ஒல்லாந்து இருந்தது. இத்தனை கிட்டத்தில் இருக்கிறதா என்று சந்தோஷப்பட்டேன். டீச்சரம்மா இதெல்லாம் எதற்கு என்று கேட்டார். எங்கள் வீட்டுக்காரர் அங்கே ஒரு வண்டியைப் பார்க்கப் போயிருக்கிறார் என்றேன். சொல்லும்போதே பெருமையாக இருந்தது.

மகள் பிறந்தாள். பேர் வைக்க அவரைக் கேட்டுக் கடிதம் எழுதினார் மாமனார். பதில் வருவதற்குள் பேர் வைத்தாகிவிட்டது. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அதனிடம் அந்தக் கதையைச் சொன்னேன். ஒரு அண்ணன் தம்பி, ஒரு தங்கச் சாரட்டு, ஆறு சிலிண்டர். தாலாட்டு மாதிரி அது வாய்க்கு வந்துவிட்டது.

அவர் திரும்பி வந்தபோது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இந்தமுறை தெருமுனையிலேயே நான் அவரை அடையாளம் கண்டுகொண்டேன். உடம்பு தேறியிருந்தது. நடையே வேறாக இருந்தது. ஜமீன்தாருக்கு வழக்கு தோற்றுவிட்டது, அந்த வருத்தத்தில் அவர் கப்பல் பயணம் முழுவதும் பேசவில்லை என்று சொன்னார். மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் அவள் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைவரை நான் பொறுத்திருந்தேன். பிறகு கேட்டேன். வண்டியைப் பார்த்தீர்களா?

பார்க்கவில்லை என்றார்.

லண்டனில், முன்பு அந்த ஒல்லாந்துக் கம்பெனி வண்டிகளை விற்ற கடையில் வேலை பார்த்த வயதான ஒருவரைத் தேடிப் பிடித்திருக்கிறார். அவர் மீதிக் கதையைச் சொன்னாராம். பந்தய நாளுக்கு வண்டி தயாராகவில்லை. ஒருவிதத்தில் அது நல்லதுக்குத்தான்; அந்தப் பந்தயத்தில் பலர் செத்து, பாதி வழியிலேயே அதை நிறுத்திவிட்டார்கள். பிறகு வண்டியை முடித்துப் பாரிஸில் கொண்டுபோய் நிறுத்தினார்கள், லண்டனுக்கும் கொண்டுவந்தார்கள். வந்தவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள், குனிந்து அடியில் பார்த்தார்கள், வாங்க ஆளில்லை. ஓட்டினால் எவ்வளவு நன்றாக ஓடும் என்பதைச் சேற்று மேடு காட்டியது. மற்ற வண்டிகள் சறுக்கிய இடத்தில் அது நேராக ஏறிப் பரிசு வாங்கியது. ஆனால் அதே மாதிரி இன்னும் நிறையச் செய்வதற்கு அவர்களுக்குக் காலம் வாய்க்கவில்லை. அண்ணன் தம்பியில் ஒருவர், வேலையாக இங்கிலாந்து வந்துவிட்டு ஊருக்குத் திரும்பும்போது, துறைமுகத்துக்கு எதிரிலேயே கப்பல் உடைந்து கடலில் போனார். கம்பெனி கைமாறியது. அந்த ஒரு வண்டி எங்கே போயிற்று என்று அந்த முதியவருக்குத் தெரியவில்லை. யாராவது வாங்கியிருப்பார்கள், ஒல்லாந்தில் எங்காவது கொட்டகையில் கிடக்கலாம், சண்டையில் இரும்புக்காக உடைத்தும் இருக்கலாம் என்றாராம்.

கடலில் போனவரை நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது. பேர்கூடத் தெரியாத ஒருவருக்காக. நகக்கண் அளவு தேசம். வீடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் அல்லவா போயிருக்கிறார். இவர் அழவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வண்டியைப் பார்க்காமல் வந்திருக்கிறாரே, எப்படி இவ்வளவு அமைதியாக இருக்கிறார் என்று நினைத்தேன்.

அதற்கான காரணத்தைச் சில நாள் கழித்து அவரே சொன்னார். நான் கேட்காமல் அவராக இப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. மகள் அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஜமீன்தாரிடம் விடுமுறை கேட்டு வாங்கிக்கொண்டு அவர் பர்மிங்ஹாமுக்கு ரயிலில் போயிருக்கிறார். வண்டி ஏறிய மேடு அந்த ஊருக்கு வெளியேதான் இருந்தது. மேட்டடியில் ஒரு வீடு. கதவைத் தட்டினார். ஒரு கிழவி திறந்தாள். இவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தான் மெசபொடேமியாவில் லாரிக் கொட்டகையில் வேலை செய்தவன் என்று சொன்னார். அவள் வேறெதுவும் கேட்கவில்லை. உள்ளே வா என்றாள். அந்தச் சார்ஜண்டின் தாய் அவள்.

சார்ஜண்ட் இறந்துவிட்டார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மெசபொடேமியாவின் கோடையில், நிழலிலேயே மனிதர்கள் சுருண்டு விழுவார்களாம். லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தவர் வெளியே வரவேயில்லை. இவர்தான் காலைப் பிடித்து இழுத்தார். ஈரத்துணி போட்டார், விசிறினார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகும் வழியில் இவர் கையைப் பிடித்தபடியே உயிர் போயிற்று. அதற்கு முந்தின வாரம்தான், சண்டை முடிந்ததும் நீ எங்கள் ஊருக்கு வா, எங்கள் வீடு அந்த மேட்டடியில்தான், மேட்டைக் காட்டுகிறேன், எங்கள் அம்மா டீ போட்டுத் தருவாள் என்று சொல்லியிருந்தாராம்.

"அவங்கம்மாவுக்குக் கடுதாசி மட்டும்தான் வந்திருக்குது. உடம்பு சரியில்லாம போயிட்டாருன்னு. எப்படின்னு யாரும் சொல்லல. நான் சொன்னேன்" என்றார் இவர். "கையப் பிடிச்சிக்கினு இருந்தேன்னு சொன்னேன். அவங்க என் கைய வாங்கிப் பாத்துக்கினே இருந்தாங்க."

நான் ராட்டையை நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

கிழவி டீ போட்டுக் கொடுத்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. அந்த வண்டி நினைவிருக்கிறதா என்று இவர் கேட்டார். நினைவில்லாமல் என்ன, மேடேறுவதற்கு முன் என் வாசலில்தான் நின்றது, அதற்கு ஊற்ற வாளியில் தண்ணீர் கொடுத்தது நான்தான் என்றாள். என் பெண்சாதி அதன் நிறத்தைக் கேட்கச் சொன்னாள் என்றார் இவர். கிழவி யோசித்தாளாம். அன்றைக்கு எல்லா வண்டியும் மேலிருந்து கீழ்வரை சேறு, எது என்ன நிறம் என்று யாருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு, என் பிள்ளை வீட்டுக்கு வந்தபோது அவனும் அப்படித்தான் இருந்தான், தொட்டியில் போட்டுத் தேய்த்தேன் என்று சிரித்தாளாம். பிறகு இரண்டு பேருமாக மழையில் அந்த மேட்டில் உச்சிவரை நடந்தார்கள். அவளுக்கு மூச்சு வாங்கியது. இவர் கை கொடுத்தார். உச்சியில் நின்று பார்த்தால் ஒரு வேலியும் சில மரங்களும் இருந்தன. வேறொன்றும் இல்லை. இறங்கி வந்துவிட்டார்கள்.

அன்றோடு அவர் சுவரைப் பார்த்து உட்காருவது நின்றது. நல்ல தூக்கம் வந்தது. ஜமீன்தார் வழக்குத் தோற்ற பிறகு காரை விற்றுவிட, இவர் செய்யாற்றுப் பக்கம் போகும் பஸ்ஸுக்கு டிரைவரானார். பயணிகளோடு தமாஷ் பேசுவார். மகளுக்குப் பூ வாங்கிவருவார். மாகறலுக்கு மாமியார் போய் நேர்த்திக்கடன் செலுத்தினாள். எல்லோருக்கும் நிறைவாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த வண்டியைப் பற்றி அவர் பேசுவது நின்றுபோனது. ஒளித்து வைத்தார் என்று இல்லை. கேட்டால் சொல்வார், இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டு மகளோடு விளையாடப் போய்விடுவார். அவருக்கு அது முடிந்துபோயிருந்தது. எனக்கு முடியவில்லை. எந்தக் கொட்டகையில் நிற்கிறது, யாராவது கைப்பிடியைச் சுற்றி அதைக் கிளப்பிப் பார்த்தார்களா, உயிரோடிருந்த மற்றொரு சகோதரர் அதை விற்றபோது என்ன நினைத்திருப்பார் என்றெல்லாம் நூல் சுற்றும்போது எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் விரல்களைக் கோத்துக் கொடுத்தவர் இதோ பக்கத்திலேயே சந்தோஷமாக இருக்கிறார். அந்த மனிதருக்காகவே நான் ஏங்குகிறேன் என்பதை யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். கிடைத்ததற்கு மேல் என்னடி வேண்டும் உனக்கு என்பார்கள்.

பல வருடம் கழித்து, ஜமீன்தாரின் மகன் இவரை வழியில் பார்த்துப் பேசினாராம். பிரான்சிலும் அமெரிக்காவிலும் நாலு சக்கரமும் இழுக்கிற பந்தயக் கார்கள் புதிதாக வந்திருப்பதாக ஆங்கிலப் பத்திரிகையில் படித்தாராம். பலம் பிரமாதம், ஆனால் திருப்புவதற்குள் ஓட்டுகிறவர்களுக்குக் கை விட்டுப்போகிறது என்று போட்டிருந்ததாம். இவர் அதைச் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னார். எனக்குக் கரண்டி கையில் நின்றுவிட்டது. முப்பது வருடம் ஆகியும் அந்த மூட்டுச் சங்கதி இவர்களுக்குக் கைகூடவில்லையா, ஒல்லாந்து வண்டியைத் திருப்ப எப்படி இருந்திருக்கும், மேட்டில் ஓட்டியவர் கைவலி என்று ஏதாவது சொன்னதாக அந்தக் கிழவி சொன்னாளா என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

"உனக்கு இன்னாத்துக்கும்மா அதெல்லாம்?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை.

பஸ்ராவிலிருந்து கூடவே வந்த குளிர்காய்ச்சல் அவரை முழுக்க விட்டதில்லை. மகளுக்குக் கல்யாணமான வருடம் அது கடுமையாக வந்தது. அதில் பிழைத்தார், அடுத்த வருடம் வந்ததில் பிழைக்கவில்லை. நான் நினைத்துக்கொள்வது அந்த முந்தின காய்ச்சலைத்தான். மத்தியானம், நல்ல வெயில். வீட்டில் இருந்த கம்பளி, ஜமக்காளம் எல்லாவற்றையும் போர்த்தியும் பல் கிட்டியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏதாவது பேசிக்கினு இரு" என்றார்.

என்ன பேசுவது என்று நான் யோசிக்கவில்லை. ஒல்லாந்து தேசத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர் இருந்தார்கள் என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். சாரட்டைச் சொன்னேன். அந்த இளவயசு இன்ஜினீயரைச் சொன்னேன். பந்தயத்துக்குத் தயாராகாமல் போனதைச் சொன்னேன். ஓரிடத்தில் அவர் எட்டுச் சிலிண்டர் என்று முனகினார். இல்லை, ஆறு என்றேன். சரி என்பது போலத் தலையாட்டினார். நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"நல்லா சொல்ற. பக்கத்துல நின்னு பாத்த மாதிரி இருக்குது" என்றார்.

மேட்டடிக்கு வந்தேன். மழை பெய்கிறது, மற்ற வண்டிகள் சறுக்கிச் சறுக்கிக் கீழே வருகின்றன, ஒரு தாய் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறாள், அவள் பிள்ளை கூட்டத்தில் முண்டியடித்து முன்னால் வந்து நிற்கிறான். அவர் மூச்சு சீராகிவிட்டது. தூங்கிவிட்டார் என்று தெரிந்தது. நான் நிறுத்தவில்லை. வண்டி இன்னும் பாதி மேட்டில்தான் இருந்தது.